உறைபனிக்குக் காத்திருந்த கோவா

கோவா, அதுதான் முட்டைக்கோசு, அதன் இலையை முறிக்கும்போது ஒரு சத்தம் வரும். ஈரச் செருப்பு தரையில் உரசுகிற மாதிரி ஒரு சின்னக் கிறீச்... அதோடு கடுகை நசுக்கினது போல ஒரு மணம். நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், விரல் விறைக்க விறைக்கக் கேட்ட சத்தம் அது.

போன கிழமை இந்தக் குழுவில் ஒரு தங்கச்சி தன் தோட்டத்துக் கோவாவைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். எல்லோரும் வடிவு, வடிவு என்று எழுதினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத வந்தது நீண்டுவிட்டது... அதனால் தனியாகப் போடுகிறேன்.

என் மனிசன் ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினவர். நான் பள்ளிக்கூடம் துப்புரவு செய்தேன். அந்த வீட்டை வாங்கினபோது பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவு மண் இருந்தது. மிளகாய் வைத்தோம், வரவில்லை. கத்தரி வைத்தோம், வரவில்லை. பக்கத்து வீட்டு நோர்வேக்காரிதான் இந்தக் குளிருக்குக் கோவா வையுங்கள் என்று வேலிக்கு மேலால் ஆறு கன்று தந்தார். மே பதினேழு கொடி நாள் முடியுமுன் வெளியே நடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் நான் ஒரு வேலை செய்தேன்.

கன்று நாலு இலை விட்டதும் முறித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். அடுத்த கிழமையும் முறித்தேன். முருங்கையிலையும் அகத்தியும் முறித்துப் பழகின கை. இலை என்றால் கறி என்பதுதான் எனக்குத் தெரியும். வெளி இலைதான் நடுவுக்குச் சாப்பாடு கொடுக்கிறது என்று யார் சொன்னார்கள்? ஆவணி முடிந்தும் ஒரு கன்றுகூட உருண்டையாகச் சுற்றவில்லை. தடி மாதிரி நின்றன.

எங்கள் பக்கம் காட்டிலிருந்து மான் இறங்கி வரும். நோர்வேக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, மான் வந்து கடித்ததோ என்று கேட்டார்.

என் மனிசன் என்னைக் காட்டி, "ஓம், ரெண்டு கால் மான்" என்று அவவுக்கு நோர்வேஜியனில் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மான் என்று பெயர்.

அதன் பிறகு நான் கை வைத்ததில்லை. புல்லில் வெள்ளையாக உறைபனி இரண்டு மூன்று தரம் படிந்த பிறகு இவர்தான் கத்தியோடு போவார். குளிர் பட்டால்தான் கோவாவில் இனிப்பு ஏறும். முதல் கோவாவின் நடுவைப் பச்சையாக வெட்டி எனக்கொரு துண்டு, தனக்கொரு துண்டு.

பிறகு இவருக்குச் சுவாசப்பையில் புற்றுநோய் வந்தது.

அந்த வைகாசியில் குனிய முடியவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார். நான்தான் நட்டேன்.

"குருத்து மண்ணுக்குள்ளை போகாமல் வையும்."

"தெரியுமப்பா."

"மானுக்கு என்ன தெரியும்."

ஆவணியில் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஒரு நாள், "கோவா வறை ஒரு வாய் தின்ன வேணும் போலை கிடக்கு" என்றார். நான் உடனே கத்தியோடு பின்னால் போனேன். கோவா இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு சுற்றியிருந்தது. யன்னலில் தட்டினார்.

"இப்ப வெட்டாதையும். பனி விழட்டும்."

"கடையிலை வாங்கி வரட்டே?"

"எனக்குக் கடைக் கோவா வேண்டாம். இவ்வளவு நாள் பாத்தனாங்கள்தானே."

கத்தியோடு நின்றேன். பனி விழும்வரை இவர் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து போகும் தாதி என் மகளிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் நான் இப்போதே வெட்டினால் அது இவருக்கும் விளங்கிவிடும்... அந்தப் பயத்தில் கத்தியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் புரட்டாதி முழுக்க வெயில். விடிந்தால் முதலில் புல்லைத்தான் பார்ப்பேன். பச்சை. அடுத்த நாளும் பச்சை.

"பனியோ?" என்று கேட்பார்.

"நாளைக்கு விழும்" என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் போய்விட்டார். அன்றும் வெளியில் நல்ல வெயில்.

இங்கே தகனத்துக்கு நாள் கிடைக்கவே ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அதனால் எட்டுச் செலவைத் தகனம் முடிந்த பிறகுதான் செய்தோம். போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. அன்று விடியப் பார்க்கிறேன், புல் முழுக்க வெள்ளை.

மீனும் இறைச்சியும் மச்சாள் பார்த்தார். குறொன்லாண்டுத் தமிழ்க் கடையில் தேங்காய்ப்பூவும் அவதான் வாங்கி வந்தார். கோவாவை நான் வெட்டினேன். வறை வறுத்து இவருடைய படத்துக்கு முன்னால் வைத்தேன்.

படைத்து முடிந்து எல்லோரும் சாப்பிட இருந்தோம். நானும் ஒரு வாய் வைத்தேன். இனித்தது. எந்த வருஷமும் அப்படி இனித்ததில்லை.

எழும்பிப் போய்த் துப்பினேன்.

அப்போது ஒரு கோவாவுக்காக வைகாசியிலிருந்து ஐப்பசி வரை இரண்டு பேர் பார்த்திருந்தோம். இப்போதும் ஆறு கன்று வைக்கிறேன். இலை உள்ளங்கை அளவு வந்ததும் முறித்துவிடுவேன். ஒன்றையும் சுற்ற விடுவதில்லை.

பேர்கனிலிருந்து மகள் வந்தபோது பார்த்துவிட்டுக் கேட்டாள். "விட்டா பெரிசா வருமே அம்மா. ஏன் இப்பவே முறிக்கிறீங்கள்?"

"இப்பதானே பசிக்குது" என்றேன்.

நோர்வேக்காரிக்கும் வயது போய்விட்டது. நான் இலை முறிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் தடியை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். இலை இல்லாமல் நிற்கிற தடிகளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

மான் வந்ததோ என்று கேட்கமாட்டார்.