நானா போட்ட பெல் பொத்தான்

ஐம்பத்தெட்டு வயதில் மேசையில் தண்டவாளம் போட்டுப் பொம்மைக் கோச்சி ஓட்டுகிற விசரன் நான். அதைவிடப் பெரிய விசர், வாயை மூடத் தெரியாதது. கோச்சியைப் பாதை மாற்றிவிடும் பொயின்ற் அசையவில்லை என்றதும், "கிண்ணியா நானாவின் வயரிங் சரியில்லை" என்று துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடையில் முழங்கினேன். நானா என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் அவர்தான் என் கோச்சிக்கு வயர் போட்டுத் தந்தவர்; படகு வயரிங்தான் அவர் பிழைப்பு. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அடுத்த நாளே தன் படகு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

நானா வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தாலும் எதையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். பொயின்ற்றையும் மோந்தார்.

"கொயில் எரிஞ்சிருக்கு. நான் போட்ட பெல் பொத்தான் எங்க?"

விரலை எடுத்ததும் கரண்டை நிறுத்தும் அந்தப் பொத்தானை அழகுக்காகக் கழற்றி வீட்டு லைற் சுவிச்சை மாட்டியவன் நானேதான். ஒரு கணம் போகவேண்டிய கரண்ட் நாள் முழுக்கப் போயிருக்கிறது.

"பிழை என்னிலதான், நானா."

"அதைத் தேத்தண்ணிக் கடையில சொல்லுங்க."