நண்டு ஏன் வரப்பை விட்டுக் கிளம்பியது

ஆடியோ கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறு யாரும் பதிவு செய்ய முடியாது. கீழ்வேளூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் எத்தனை கேசட் ஒடித்திருப்பேனோ, கணக்கே இல்லை. என் குரல், என் கதை, எவன் அழிக்கிறான் பார்க்கலாம் என்ற திமிர்.

ஊரில் பாதி ஆண்கள் அப்போது சபரில் இருந்தார்கள். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் வீடுகளில் அதுதான் பேர். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, போகிறவர் வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவோம். வெறும் கேசட் வந்தால் 'பேசி அனுப்பு' என்று அர்த்தம்.

நான் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்கிற பொறுமை என்னிடம் மருந்துக்கும் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு ஒலிப்பதிவுக் கடையைப் பிடித்து, நானே பூனையாகவும் நண்டாகவும் கத்தி, கதை கேசட் போட ஆரம்பித்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் வலங்கைமான், பேராவூரணி என்று ஒரு ஃபேன்சி ஸ்டோரையும் விடமாட்டேன். ஒருநாள் வீட்டில் சும்மா இருந்தால்கூட உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

நண்டுக் கதை பிய்த்துக்கொண்டு போயிற்று. வலங்கைமான் கடைக்காரர் ஒரே மாதத்தில் மூன்று தடவை ஆள் விட்டுக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரில் போய், "பிள்ளைங்க என்னங்க சொல்லுதுங்க?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டேன்.

"பிள்ளைங்களா? கோவிச்சுக்காதீங்கம்மா. வெறும் கேசட்டைவிட உங்களது விலை கம்மி. வெளிநாட்டுல இருக்கற புருஷனுக்குப் பேசி அனுப்ப இதைத்தான் வாங்குறாங்க. நீங்க ஒடிச்ச இடத்துல தாளை மடிச்சு அடைச்சுட்டாப் பதிவாயிடும். கதையை யாருங்க கேக்குறா?"

வந்ததே எனக்கு ஆத்திரம்! அவரைத் திட்ட முடியாமல், பஸ் ஜன்னல் வழியாக, ஒரு பாவமும் அறியாத நடவு வயலை எல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மஸ்கட்டிலிருந்து ஒரு கேசட் வந்திருந்தது. நான் அவருக்கு ஆசையாக அனுப்பிய நண்டுக் கதைதான். ஒடித்த இடத்தில் செல்லோ டேப். அவர் திருப்பி அனுப்புகிற கேசட் எல்லாமே அப்படித்தான் வரும். என் கதையை அழித்துத்தான் அதில் பேசுகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"ஃபேமிலி விசா கிடைச்சிருச்சு. தைக்குள்ள கிளம்பி வந்துடு. அந்தக் கேசட் வேலையை எல்லாம் மூட்டை கட்டு. இங்க உனக்கு என்ன குறை?"

அவர் பேச்சு முடிந்து ஒரு கரகரப்பு. பிறகு, பாதி வாக்கியத்திலிருந்து என் குரல்: "...மதகு வந்ததும் நண்டு நின்றது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுவிட்டு அழித்தாரா, கேட்காமலேயே அழித்தாரா? கட்டின புருஷனே கேட்காத கதையை யாருக்காகச் சுமந்து திரிவது? மறுநாளே போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவில் என் மூஞ்சி உர்ரென்று இருக்கும்.

ஒரு வாரம் கழித்து, களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். வலங்கைமான் கடைக்காரரிடம் விலாசம் வாங்கி வந்திருக்கிறாள். புருஷன் துபாயில் சென்ட்ரிங் வேலை.

"அக்கா, உங்க கேசட்டுலதான் அவருக்குப் பேசி அனுப்பினேன். நான் பேசி முடிச்ச பின்னாடி கொஞ்சம் கதை மிச்சம் இருந்துச்சாம். ரூம்ல இருக்கற அத்தனை பேரும் கேட்டாங்களாம். 'அந்த நண்டு ஏன்டி வரப்பை விட்டுக் கிளம்புச்சு? முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லு'ன்னு பேசி அனுப்பியிருக்காரு. முன்னாடி இருந்ததைத்தான் நான் அழிச்சுட்டேனே! கடையிலயும் தீர்ந்துபோச்சு."

"அவங்களுக்கு என்ன தோணுதாம்?" என்று கேட்டேன்.

"வயல் காஞ்சுபோயிருக்கும், அதான் கிளம்பியிருக்கும்னு பேசிக்கிட்டாங்களாம்."

அவளை உட்காரவைத்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எல்லாரும் தண்ணீரோடு போகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்ததிலிருந்து நண்டுக்கு வளையில் இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் கிளம்பியது.

"பசிக்காக இல்லையா? அட!" என்றாள். "அவருக்கு இது தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு."

பீரோவிலிருந்த என் சொந்தக் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் கதை வச்சு மறுபக்கத்தைச் சும்மா விடுங்கக்கா. நாங்க பேசிக்கறோம்" என்றாள்.

ஊர் ஊராக அலைந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! அப்புறம் சி.டி., லோக்கல் கேபிள், இப்போது செல்போன் என்று எதை எதையோ செய்துவிட்டேன். என் கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்டவள் அவள்தான்.

அன்று சாயங்காலமே மஸ்கட்டுக்கு ஒரு கேசட்டில் பேசினேன். "மச்சான், நான் வரல. கோவம் இருக்குதான், இல்லைன்னு சொல்லல. முன்னபின்ன தெரியாத ஒரு மனுஷன் துபாயிலேருந்து கேக்குறாரு, நண்டு ஏன் கிளம்புச்சுன்னு. நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

கொடுத்தனுப்பிய பிறகுதான் யோசித்தேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ? தை வந்தது, அறுவடை முடிந்தது, பதில் இல்லை. நான் இருமடங்கு அலைந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

மாசியில் ஊருக்கு வந்த ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத புதுக் கேசட். கூட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

உறையைப் பிரித்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவர் ஒருத்தருக்காக மட்டும் ஒரு கதையைப் பதிவு செய்வது அதுதான் முதல் தடவை. "ஒரு வாய்க்கால் ஓரத்து வரப்பில் ஒரு நண்டு இருந்தது" என்று ஆரம்பித்து, ஒரு வரி விடாமல் முழுக்கதையையும் சொன்னேன்.

அந்த ஒரு கேசட்டை மட்டும் மூலையை ஒடிக்காமல் அனுப்பினேன்.