பயம் தெளிய ஓதிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் பயப்படுகிற வேலை முழுவதையும் சாச்சியிடமே விட்டிருந்தோம். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. ஒரே வளவுக்குள், பொதுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தவர் எழும்பிப் போய்த் திரும்பவும் மூடிப் பார்ப்பார். மின்னல் வெட்டினால் நிலைக்கண்ணாடியைத் துணியால் மறைப்பார். எதிரே மாடு வந்தால் வேலியோடு ஒட்டி, ஸலாம் சொல்லாத குறையாக வழிவிட்டு நிற்பார். ஸ்கூட்டியில் கல்முனைச் சந்தைக்குள் புகுந்து மீன் லொறிகளுக்கு நடுவால் வெளியே வருகிற உம்மாவுக்கு இப்படி ஒரு தங்கச்சியா என்று வாப்பா கேலி செய்வார். சாச்சியும் சிரிப்பார். சிரித்துவிட்டு, உம்மா ஸ்கூட்டியின் ஸ்டாண்டை மடித்தாரா என்று குனிந்து பார்ப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிள்ளை. ஒருமுறை நாய் துரத்தி நான் இரண்டு நாள் தூங்காமல் அலறியபோது, சாச்சிதான் என்னை ஓதிப் பார்க்கிற லெவ்வையிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதிக் குடிக்க வைத்தார். எங்கள் ஊரில் பயந்தவர்களுக்கு அதுதான் மருந்து. அது நன்றாகவே வேலை செய்தது. அடுத்த கிழமை அதே நாயின் வாலைப் பிடித்து இழுத்துக் கடியும் வாங்கினேன்.

இப்படிப்பட்ட சாச்சிதான் நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு இமாம். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, பெண்களெல்லாம் நோன்பு கால இரவுத் தொழுகையான தராவீஹ் தொழ ஹாஜியானி மாமியின் வீட்டில் கூடுவார்கள். கடற்கரைக்குப் போகிற தெருவில் அவருடைய வீட்டில்தான் பெரிய ஹோல் இருந்தது. முன்பு தொழுவித்தவர் முழங்கால் நோவு வந்து, உட்கார்ந்து தொழக் கதிரைக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்று கேட்டதுமே, 'நீங்க நில்லுங்க', 'ஐயோ எனக்கென்ன தெரியும், நீங்க நில்லுங்க' என்று ஒருவரையொருவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். எங்களில் யாருமே தானாக முன்னுக்குப் போக மாட்டார்கள். தள்ளுவது மரியாதை, தள்ளப்பட்டவர் பின்வாங்குவது அதைவிட மரியாதை. அன்று தள்ளுகிற எல்லாருடைய கையும் சாச்சியின் முதுகில் போய் முடிந்தது. குர்ஆனைப் பிழையில்லாமல் ஓதக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்றிரவு சாச்சி வீட்டுக்கு வந்து அழுதார்.

பெண்களுக்குப் பெண் தொழுவித்தால் ஆண் இமாமைப் போலத் தனியே முன்னால் நிற்பதில்லை. முதல் வரிசையின் நடுவில், மற்றவர்களோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். நான் சும்மா நிற்க மாட்டேன் என்பதால் சாச்சி என்னைத் தன் இடப்பக்கம் நிறுத்திக்கொண்டார். அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இமாமுக்குப் பக்கத்து இடம் என்னுடையது என்று குர்ஆன் ஓதப் போகிற பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

முதல் நாளே ஒரு விசயம் தெரிந்தது. சாச்சி நடுங்கினார். குரலில் ஒன்றுமில்லை, குரல் தெளிவாகவே போனது. வெள்ளைத் தொழுகைச் சட்டையின் கைதான் என் தோளோடு உரசி உரசி நடுங்கியது. காற்றாடிக்குக் குளிராக்கும் என்று நினைத்து அடுத்த நாள் அதை நிறுத்தி வைத்தேன்; பெண்களெல்லாம் வியர்த்து என்னைத் திட்டினார்கள், நடுக்கம் நிற்கவில்லை. பசியாக்கும் என்று என் பங்கு சமோசாவைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"பின்னுக்கு நிக்கிற எல்லார்ர தொழுகையும் என்ட கழுத்துல கிடக்கு மகள்" என்றார் சாச்சி.

நான் அவருடைய கழுத்தைப் பார்த்தேன். ஒரு மெல்லிய சங்கிலிதான் கிடந்தது.

கடலைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் கடல் ஊருக்குள் வந்து போயிருந்தது. சாச்சிக்கு ஒரு மகள் இருந்தாள், அன்றோடு இல்லாமல் போனாள். மூத்தவள் என்பதால் அவளை நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அவளுடைய பேரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கடலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகவே இருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால் போதும், கிணற்றை எட்டிப் பார்க்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள்.

நோன்பு பாதி கழிந்த ஒரு நாள், சாச்சி தொழுகையின் இரண்டாவது சுற்றில், இரண்டாவது றக்அத்தில், ஓதிக்கொண்டிருந்தார். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போயின. "கடல் உள்ள வாங்கிட்டாம், ஓடுங்க" என்று யாரோ கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. வேறு யாரும் அசையவில்லை. இமாம் தொழும்போது பின்னால் நிற்பவர்கள் என்ன செய்வது? எல்லாருடைய காதும் சாச்சியின் குரலில்தான் தொங்கியது.

ஆயத்தின் நடுவில் குரல் நின்றது. சாச்சி மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தொழுகையை முடிக்கிறபோது செய்வதுபோல அவர் வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார், இடப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார், பிறகு பெண்களை நோக்கித் திரும்பினார்.

"நான் தொழுகைய முறிச்சிட்டன். புள்ளையளத் தூக்குங்க. செருப்புத் தேடாதீங்க. வயல் ரோட்டப் பாத்து நடங்க."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சாச்சி என் கையைப் பிடித்தார். எனக்கு ஓட வேண்டும். கால் தரையில் நிற்கவில்லை. அவரோ என்னையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனார், தொழுமுன் கைகால் கழுவி வுளுச் செய்கிற இடத்தை எட்டிப் பார்த்தார், அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுத்தார். ஹாஜியானி மாமி அலுமாரிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பூட்ட வேணாம் மாமி, வாங்க."

"சாமான் கிடக்கு புள்ள."

சாச்சி அலுமாரித் திறப்புக் கோர்வையை அவருடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். கடைசியாக வெளியே வந்தது நாங்கள் மூன்று பேரும்தான். பள்ளி ஸ்பீக்கரில் ஆண்களின் தொழுகை அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. வழி முழுவதும் நான் சாச்சியை இழுத்தேன், அழுதேன், திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையை ஒரே பிடியாகப் பிடித்திருந்தார். அந்தக் கை நடுங்கவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அப்போது நடுங்கியது நான்.

வயல் ரோட்டில் பாதி ஊர் நின்றது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புச் சனமும் வந்திருந்தது. தொழுகைச் சட்டையோடு வெறுங்காலில் நின்ற எங்களைப் பார்த்து, அங்கிருந்து வந்த ஒரு அக்கா தன் செருப்பைக் கழற்றி எங்கள் கதிரைக்காரப் பாட்டிக்குக் கொடுத்தார். எல்லாருமாகச் சேர்ந்து கடலுக்காகக் காத்திருந்தோம். கடல் வரவில்லை. டெலிபோனில் யார் யாரையோ கேட்டு, அப்படி ஒன்றுமே இல்லை என்று உறுதியானது. வயல் நுளம்பு கடித்ததுதான் மிச்சம். திரும்பி வரும்போது முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

விடிந்ததும் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆண்கள் தொழுது முடித்துவிட்டுத்தான் எழும்பினார்களாம். பெண்களின் இமாம் அல்லாஹ்வை விட்டுவிட்டுக் கடலுக்குப் பயந்து ஓடினாராம். கேட்ட எனக்கு ஆத்திரம் வந்தது. ஓடினது நாங்கள், சாச்சி நடந்துதான் வந்தார்.

பகல் ஹாஜியானி மாமி நோன்பு திறக்க ஒரு பப்பாளிப் பழம் கொண்டுவந்தார். கெட்ட மனிசி இல்லை அவர். சாச்சிக்கு வழி சொல்லவே வந்திருந்தார்.

"நாலு பேர் நாலு விதமாக் கதைக்காங்க. தொழுகைய முறிக்கிறது லேசான விசயமா? நீ ஒண்டு செய். மகள்ர நெனப்பு வந்திட்டு, புத்தி தடுமாறிப் போச்சி எண்டு இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லு. ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. மறுகா நீயே நில்லு."

"புத்தி தடுமாறல்ல மாமி. தெரிஞ்சுதான் ஸலாம் குடுத்தன். மகள்ர பேர இதுக்குள்ள இழுக்காதீங்க."

"அப்ப இன்னொருக்காக் கத்தினாலும் முறிப்பியா?"

"முறிப்பன்."

"அப்ப நீ நிக்க வேணாம்."

"ஓம்" என்றார் சாச்சி.

ஒரு சொல்லில் இமாம் வேலை போய்விட்டது. என்னுடைய பக்கத்து இடமும் அதோடு போனது. மாமி சொன்னபடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உம்மாவும் அதையே சொன்னார். சாச்சி கஞ்சிச் சட்டியைத் துழாவிக்கொண்டே, "நான் செஞ்சது பிழையா இருந்தா, ராத்தா?" என்று கேட்டார். "கடல் வந்திருந்தா?" என்றார் உம்மா. "வரல்லியே" என்றார் சாச்சி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். வீட்டுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். இனித் தொழுவிக்கப் போவதில்லை என்று தெரிந்தும், அன்றிரவுக்கான சூறாவை வாய்க்குள் ஓதிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சந்தேகம் வந்து, குர்ஆனை எடுத்து எழுத்தைச் சரிபார்த்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாக் கரைச்சலுக்கும் காரணம் சாச்சியின் பயம்தான் என்று ஊரே சொல்கிறது, பயத்துக்கு மருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது, ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லையே என்று யோசித்தேன். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு லெவ்வையிடம் ஓடினேன். யாருக்கு என்று அவர் கேட்டார். சாச்சிக்கு என்றேன். "ஓம், ஓம், கேள்விப்பட்டன்" என்று சொல்லி, நீண்ட நேரம் ஓதி ஊதித் தந்தார்.

நோன்பு திறக்கிற நேரம் அதைச் சாச்சியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன மகள் இது?"

"ஓதின தண்ணி. குடிச்சாப் பயம் போயிரும்."

"எல்லாப் பயமுமா?"

"எல்லாம். எனக்கு நாய்ப் பயம் போச்சே."

சாச்சி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். போத்தலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் பாங்கு சொன்னதும் ஈத்தம்பழத்தைக் கடித்தார், கஞ்சியைக் குடித்தார், பிறகு போத்தலோடு எழும்பி வெளியே போனார். ஓதின தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, கால்படாத இடம் வேண்டும். கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தின் தூரில், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினார்.

"எனக்கு வேணாம் மகள்" என்றார். வெறும் போத்தலைக் கழுவி என்னிடமே தந்தார். நான் அழுதேன்.

அன்றிரவு சாச்சி கடைசி வரிசையில் ஓர் ஓரமாக நின்றார். நான் பழக்கத்தில் முன்னுக்குப் போய்விட்டேன். நடு இடம் வெறுமையாகக் கிடந்தது. வழக்கமான தள்ளல் தொடங்கியது. 'நீங்க நில்லுங்க', 'நீங்க நில்லுங்க'. கடைசியில் எல்லாருடைய கையும் ஹாஜியானி மாமியின் முதுகில் போய் முடிந்தது. வீடும் அவருடையது, பேச்சும் அவருடையது. அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். கையைக் காதுவரை உயர்த்தினார், இறக்கினார். மறுபடி உயர்த்தினார். அவருடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பி வரிசைகளைப் பார்த்தார். பெண்களை, மடியில் கிடந்த குழந்தைகளை, கதிரைக்காரப் பாட்டியை. பிறகு யாரையும் பார்க்காமல் ஓரடி விலகி, நடு இடத்தை விட்டு நின்றார்.

மாமிக்கும் முழங்கால் நோவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வா புள்ள" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

யாரும் தள்ளவில்லை. பெண்கள் விலகி வழிவிட, கடைசி வரிசையிலிருந்து சாச்சி நடந்து வந்தார். எனக்கும் மாமிக்கும் நடுவில் நின்றார். தோள்கள் ஒட்டின. தொழுகையைத் தொடங்குகிற தக்பீர் சொல்ல அவர் கையை உயர்த்தினார். வெள்ளைச் சட்டையின் கை என் தோளில் உரசியது, முன்னைவிட அதிகமாக நடுங்கியது. அந்தத் தண்ணீரில் ஒரு வாயாவது குடித்திருக்கலாமே, இவ்வளவு நேரத்துக்கு எல்லாம் சுகமாகி இருக்குமே என்று எனக்கு வயிறு எரிந்தது. சாச்சியின் மேல் தீராத கோபத்தோடுதான் நான் அன்று தக்பீர் கட்டினேன்.