கோத்தகிரிக்கும் விண்வெளி ஓடத்துக்கும் என்ன சம்பந்தம்

அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. டிவியில் அதைக் காட்டி மனிதனின் கனவு என்கிறார்கள், விஞ்ஞானத்தின் பாய்ச்சல் என்கிறார்கள். இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எங்கள் வீட்டில் அது பார்த்த வேலை வேறு. திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகவிருந்த ஒருத்தியை அது வீட்டோடு உட்கார வைத்தது.

எண்பத்தாறாம் வருடம், தை மாதம். நான் பி.எட். முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணக்கு டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். சும்மா இருப்பானேன் என்று, அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியிலேயே செக்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். தைத்து வரும் பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்கும் வேலை. பொங்கல் முடிந்த வாரத்தில் கோத்தகிரிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அங்கே கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறாராம். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை வந்து சேரலாம், விடுதியிலேயே தங்கலாம், பாடம் திருப்தியாக இருந்தால் ஜூனில் நிரந்தரம் ஆக்குவோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைச் சாப்பிடும்போது கூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் காரியங்களைச் சாமியிடம் கேட்காமல் செய்யமாட்டார்கள். பூக் கேட்பது என்று அதற்குப் பெயர். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து நாரால் கட்டி சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். குன்னத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலில் அப்பா பூக் கேட்டார். வெள்ளை வந்தது. அம்மா அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்த ஓடம் வெடித்தது. புதன்கிழமை காலை ரேடியோவில் கேட்டோம். மேலே கிளம்பி ஒன்றேகால் நிமிடத்துக்குள் அதிலிருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. விண்வெளியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனவர். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். ஒரு டீச்சர் அவ்வளவு தூரம் போகலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கம்பெனிக்குப் போனால் அங்கே எல்லோரும் ராக்கெட் இன்ஜினியர் ஆகியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை எவனாவது நல்ல காரியத்துக்குக் கிளம்புவானா என்றார் மதுரைப் பக்கமிருந்து வந்த டெய்லர் ஒருவர். ராகு காலத்தில் ஏற்றியிருப்பான் என்றார் இன்னொருவர். சரி, அது நம்ம ஊர் ராகு காலமா, அவன் ஊர் ராகு காலமா என்று சண்டை கிளம்பி டீ வரும்வரை ஓடியது. அங்கே காலை, இங்கே ராத்திரி. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தார்கள். எந்தக் கணக்குக்கும் ராகு காலம் வரவில்லை. காலண்டரில் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று முடித்தார்கள். இடுப்பு எலாஸ்டிக் வைக்கும் அக்கா ஒருத்தி மட்டும், அங்கே பனி உறைந்து கிடந்ததாமே, குளிரில் எங்கேயாவது ரப்பர் விறைத்து ஜாயின்ட் விட்டிருக்கும் என்றாள். அவளை யாரும் சட்டை செய்யவில்லை. சில மாதம் கழித்து அமெரிக்காவில் பெரிய கமிட்டி போட்டு அதையேதான் சொன்னார்கள்.

இவர்கள் பேசியதெல்லாம் கூடப் பரவாயில்லை, யாருக்கும் நஷ்டமில்லாத பேச்சு. வியாழக்கிழமை காங்கேயத்திலிருந்து பெரியப்பா வந்தார். அங்கே எண்ணெய் ஆலை வைத்திருந்தார். குடும்பத்தில் எதுவும் அவர் தலையாட்டாமல் நடக்காது. கையில் பேப்பர். வானத்தில் வெள்ளைப் புகை காளைக் கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும் படம். அதை அப்பா மடியில் விரித்துப் போட்டுவிட்டு, டீச்சரம்மாவுக்கு எதற்கு மேலே வேலை என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டியவள் ஆசைப்பட்டு மேலே போனாள், என்ன ஆச்சு பார் என்றார். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் ராக்கெட்டுல போகலீங்க பெரியப்பா. பஸ்ல போறனுங்க" என்றேன்.

"பஸ்ஸு மட்டும் மேல ஏறுலியா கண்ணு?" என்றார்.

மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை, மலையில் வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்று அவர் கோத்தகிரியை அடுக்கிக்கொண்டே போனார். இரண்டு நாளில் சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்து ஆளுக்கொரு வாய் பேசிவிட்டுப் போனார்கள். நேற்றுவரை அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாம் அந்த ஆசிரியைக்காக உச்சுக்கொட்டினார்கள், உச்சுக்கொட்டி முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடைசியில் பெரியப்பா மறுபடி பூக் கேட்கலாம் என்றார். ஒருமுறை கேட்ட காரியத்துக்குத் திரும்பக் கேட்கக்கூடாது என்பதுதான் வழக்கம். அப்போது அமெரிக்காக்காரன் ஓடம் வெடிக்கவில்லையே, இப்போது நிலைமை வேறு என்றார். வெடிக்கப் போவது சாமிக்குத் தெரியாதா என்று கேட்டேன். வாயை மூடு என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பொட்டலங்களை அப்பாவே வீட்டில் கட்டி எடுத்து வந்திருந்தார். பூசாரி கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரிக்காத பொட்டலத்தை யாரும் தொடுவதில்லை, அப்படியே சாமி காலடியில் விட்டுவிடுவார்கள். எனக்குக் கை நிற்கவில்லை. செக்கிங்கில் ஒரு கட்டு வந்தால் மேலே இருக்கும் பீஸை மட்டும் பார்த்துப் பாஸ் போடக்கூடாது, அடிவரை பிரிக்கவேண்டும். ஒன்றரை வருடப் பழக்கம். குனிந்து அதை எடுத்து நாரை அறுத்தேன். அதிலும் சிவப்பு அரளி.

நான் பெரியப்பாவைத்தான் முறைத்தேன். அவரும் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்.

"நாந்தானுங்க ரெண்டுலயும் செவப்பு வெச்சேன்" என்று அப்பா பூசாரியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து ஒரு வாய் சோறு எறங்குல கண்ணு. கத்திரி புடிச்சா துணி கோணலாப் போகுது. நீ போகாத."

பெரியப்பா செய்திருந்தால் கோயிலென்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன். பயத்தில் சாமியையே ஏமாற்றத் துணிந்த மனிதரை என்ன செய்வது? அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபத்தின் மேல்தான் எனக்கு இன்னும் கோபம். இருபத்து மூன்று வயது, கையில் கடிதம், வீட்டில் கட்டிவைத்த பெட்டி. நான் போயிருக்கலாம். போகவில்லை. திங்கட்கிழமை காலை செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கோத்தகிரிக்கு வேறு யாரோ போனார்கள். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் முடித்து, திருப்பூரை ஒட்டியிருக்கும் அனுப்பர்பாளையத்துக்கு அனுப்பினார்கள். அது சமதளம், பெரியப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை.

ஓடம் மறுபடி பறக்க இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வாரம் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். பெரியப்பாவும் வந்திருந்தார். அன்றைக்கு மாதிரியே கையில் பேப்பர். ஏழு பேர் செத்தும் பயப்படாமல் அஞ்சு பேர் அதிலேயே ஏறிப் போய்ப் பத்திரமாக இறங்கியிருக்கிறார்களே, அந்தத் தைரியம் நம்மவர்களுக்கு வருமா என்று மெச்சி மெச்சிப் பேசினார். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த அஞ்சு பேருக்கும் அப்பா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

பெரியப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்காமல் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இருப்பாங்க கண்ணு" என்றார். "போக உட்டிருக்காங்க."