மனப்பாடத்துக்கு அடங்காத கண்

கிரேன் ஓட்டும் அக்காவின் வலக்கண்மணி மெல்ல ஒரு பக்கமாக இழுபட்டு, கருவிழியும் மங்கி வந்தது. வேலை போய்விடக் கூடாதே என்று ஆஸ்பத்திரியின் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை உருப்போட்டு வைத்திருந்தார். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, பேச்சுப்போட்டிக் கம்பீரத்தோடு கடகடவென ஒப்பித்தார்.

டாக்டரம்மா கைதட்டினார். "அருமைம்மா! ஆனா போன வாரமே பலகையை மாத்திட்டோமே."

பிறகு கருவியில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணைப் படமெடுத்தார். ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்ததும், கண்மணி நகர்ந்த தூரம் அக்காவுக்கே தெரிந்தது.

"இதுக்குப் பொய் சொல்லத் தெரியலையே!"

"அதுக்குத்தாம்மா எடுக்கிறோம்."

"சரி, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுங்க. டன் கணக்குல இரும்பைப் புடிச்சு நிறுத்துறவ, இந்தப் பொட்டுக் கண்மணியை விட்டுடுவேனா?"

அங்கிருந்து நேராக வேலைத்தள மேற்பார்வையாளரிடம் போய் இரண்டு படங்களையும் மேசையில் போட்டார். "கண்ணு ஒரு வழிக்கு வர்ற வரைக்கும் கீழ நின்னு கொக்கி மாட்டுறேன், சார். என் சீட்டுல நிரந்தரமா யாரையும் உக்கார வெச்சுடாதீங்க."