புனிதமக்கா கண்ணாடியில் தட்டிய நாள்

புனிதமக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். கர்க்லாண்ட் வீட்டில் அவரோடு இருந்த தம்பி சிவம்தான் ரெலிபோன் எடுத்தார். "அக்கா விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டா, வசந்தி." கையுறையோடு நின்றபடியே அழுதேன். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் அவர் மறுபடி எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம், கூட வேலை செய்தவள் என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "ஆனா அந்த டென்மார்க் கதை மட்டும் வேண்டாம். சம்பந்தி பகுதியும் வாசிப்பினம்." ஓம் என்றேன். அது பொய்.

அதுவரை அடித்த மலரை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். முதற்பக்கத்தில் இப்படி: "அதிர்ந்து பேசாத அமைதியின் வடிவம். தனக்கென எதையும் கேட்டறியாத தியாகச் சுடர்." யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையல்கூடத்தில் நானும் அவரும் பதின்மூன்று வருடம் அருகருகே நின்றோம். பெல்ட்டில் தட்டுகள் வரும். நான் பாண் வைப்பேன். அவர் கடைசியில் நின்று சின்னச் சொக்லேற் ஒன்றை வைப்பார். எந்தத் தட்டில் எது குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சுட்டுவிரலால் பெல்ட்டின் தகரக் கரையில் டக் டக் என்று தட்டுவார், பெல்ட் நிற்கவேண்டும். ஒருமுறை புதிதாக வந்த மேற்பார்வையாளர் பிரெஞ்சில் கத்தினார். புனிதமக்கா தமிழில் திருப்பிக் கேட்டார்: "மேலை போனாப் பிறகு ஒரு ஆளுக்குக் கரண்டி இல்லையெண்டால் நீ பறந்துபோய்க் குடுப்பியோ?" அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் பெல்ட்டை நிறுத்தினார். அதிர்ந்து பேசாதவராம்!

இனி அந்தக் கதை. ஏழு வருடத்துக்கு முன், எங்கள் டோர்வல் விமான நிலையத்துக்கு இன்னும் பெயர் மாறாத காலம். புனிதமக்காவின் மற்றத் தம்பி ராசன் டென்மார்க்கில் ஓகூஸ் என்ற நகரத்தில் இருக்கிறார். அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம். அக்காவுக்குத் தனியே விமானம் மாறத் தெரியாது என்று சிவம் என்னையும் துணைக்கு அனுப்பினார். சரியாகச் சொன்னால், காவலுக்கு.

வெளிநாட்டில் சொந்தக்காரரிடம் போய்வந்த நம்மவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். இலண்டன் எப்படி என்றால் மாமி வீட்டு ஆட்டிறைச்சியைச் சொல்வார்கள். பாரிஸ் என்றால் சித்தப்பா வீட்டுப் புட்டைச் சொல்வார்கள். ஒரு வீட்டை விட்டால் மானப் பிரச்சினை. கலியாணத்துக்கு மறுநாளே ராசன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒன்பது நாள், ஒன்பது வீடு. கடைசி நாள் மத்தியானம் சம்பந்தி வீட்டு விருந்து.

கலியாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சின்னப் பெட்டியில் இரண்டிரண்டு சொக்லேற் கொடுத்தார்கள். எல்லாம் கையால் செய்தவை, நகரத்துக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று செய்வதை யாரும் பார்க்கலாம் என்று மணப்பெண் சொன்னாள். பக்கத்துப் பூங்காவில் மான்கள் கையிலிருந்தே தின்னும் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அதே நினைப்பு.

தனக்கென எதையும் கேட்டறியாதவர் என்கிறது மலர். கேட்டார். மூன்று தரம் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, எனக்கு ஒருநாள் தா. ஊரைப் பாக்கவேணும்" என்றார். "பேந்து பாப்பம் அக்கா" என்றார் ராசன். இரண்டாம் முறை, "அங்கை என்னக்கா இருக்கு? மரமும் மழையும்" என்றார். மூன்றாம் முறை கடைசி நாளுக்கு முதல் நாள். "சம்பந்தி பகுதி முப்பது பேருக்குச் சமைக்கினம். ஊர் எங்கையும் ஓடாது" என்றார் ராசன்.

"ஊர் ஓடாது. நான்தான் ஓடிடுவன்" என்றார் அக்கா.

விடிந்ததும் என்னைத் தட்டி எழுப்பினார். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு ஆயத்தமாக நின்றார். "அக்கா, இது பிழை" என்றேன். "பிழைதான். சப்பாத்தைப் போடு" என்றார். குளிர்சாதனப் பெட்டித் தாளில் கடைசி வரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'ஊர்' என்று எழுதியிருந்தார். எழுதிவைத்தால் சொல்லிவிட்டுப் போன மாதிரித்தான் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கைப்பையில் நான்கு கரட் இருப்பதைப் பார்த்தேன். எல்லாம் மான்களுக்கு.

முதலில் ஒரு வெதுப்பகத்தில் கறுவா போட்டுச் சுருட்டிய பணிஸ், ஆளுக்கு இரண்டு. பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் கறுப்புப் பாணில் முட்டையும் இறாலும் அடுக்கிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மேல் பாண் எங்கை? பெல்ட்டிலை தவறிட்டுதோ?" ஒரு பெட்டிக்கடையில் கறுப்பு மிட்டாய் வாங்கினோம், உப்புக் கரித்தது. கைக்குட்டையில் துப்பிவிட்டு, "இன்னொண்டு தா, நான் பிழையாத் தின்னிட்டனோ தெரியாது" என்றார். இரண்டாவதையும் துப்பினார்.

சொக்லேற் கடையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஒவ்வொன்றாக அச்சிலிருந்து எடுத்து, மேலே ஒவ்வொரு பாதாம் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தியோ, பின்னாலை நிண்டு துரத்த ஒருத்தரும் இல்லை" என்றார் அக்கா. திடீரென்று சுட்டுவிரலால் கண்ணாடியில் டக் டக் என்று தட்டினார். கடையே திரும்பியது. எனக்கு மானம் போனது. அக்கா அசையாமல் நான்காவது வரிசையில் ஒரு சொக்லேற்றைக் காட்டினார். அதில் பருப்பு இல்லை.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வந்து, அந்தச் சொக்லேற்றையே எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். அக்கா தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு மரியாதைச் சொல்லைச் சொன்னார்: "மெர்சி." டென்மார்க்கில் அதுவும் செல்லுபடியானது. பூங்காவில் மான்களுக்குக் கரட் கொடுத்து முடித்து, ஒரு வாங்கில் உட்கார்ந்து அந்தச் சொக்லேற்றை இரண்டாகப் பிட்டுத் தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பின்னேரம் ராசன் வீட்டுக்குப் போனால் முன்னறை முழுக்க எங்களைத் தேடிவந்த சம்பந்தி பகுதி. "எங்கட மானத்தை வாங்கிப்போட்டீங்கள் அக்கா" என்று ராசன் கத்தினார். அக்கா அந்தக் கடையில் வாங்கிய ஒரு சொக்லேற் பெட்டியைச் சம்பந்தி அம்மாவின் மடியில் வைத்தார். "மன்னிப்புக் கேக்க வரேல்லை. இதைத் தர வந்தனான். நல்லா இருக்கு, சாப்பிடுங்கோ." ஒருவரும் தொடவில்லை.

திரும்பிவரும்போது விமானத்தில் கேட்டேன், கவலையா என்று. "ஓம். தம்பி இனிக் கதைக்கமாட்டான். அது எனக்குப் பெரிய நோவுதான்" என்றார். பிறகு, "ஆனா அந்த நாள் திரும்பி வந்தாலும் கரட்டைத்தான் எடுப்பன்" என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் அக்காதான் ராசனுக்கு எடுப்பார். ராசனின் மனைவி, "அவர் குளிக்கிறார்" என்பார். ஏழு வருடம் குளித்த மனிதர். பழி என்மேல் விழுந்தது, நான்தான் கூட்டிப்போய்க் கெடுத்தேன் என்று. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். கூட்டிப்போனவர் அவர்.

செத்தவீட்டுக்கு ராசன் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்: "அண்டைக்கு அக்கா எங்கை போனவ?" ஏழு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. கடையைச் சொன்னேன், பூங்காவைச் சொன்னேன், பருப்பையும் சொன்னேன். "அந்தக் கடையடியாலைதான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறனான். உள்ளுக்குப் போனதில்லை" என்று சொல்லி அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் "போய்ப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவின் சேலை, நகை ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன், தட்டில் குறை கண்டால் தகரத்தில் தட்டுகிறேன். அந்த ஒரு விரல்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. சிவம், நீங்கள் அனுப்பிய மலரைப் பார்த்தேன். படம், தேவாரம், குடும்பப் பெயர்கள், எல்லாம் வரிசையாக அழகாகத்தான் இருக்கின்றன. நான்காவது வரிசையில் ஒன்றில் மட்டும் பருப்பு இல்லை. தட்டுகிறேன். நிறுத்திப் பாருங்கள்.