வேதுக் கம்பளியும் மூன்று தட்டும்

என் மனைவிக்கு இளைப்பு நோய். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் அது எட்டிப் பார்க்காத வீடு குறைவு. நூல் தூசியைத் தின்று, குழித்தறியின் ஈரத்தில் காலை விட்டுப் பிழைக்கிறவர்களுக்கு நெஞ்சு வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவளுக்கு வந்த மாதிரி யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. பனி இறங்கினால் போதும், படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைப்பாள். அவள் மூச்சுக்குத் திணறுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் தூங்குவதற்குக் கல்நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்தது.

வைத்தியர் வேது பிடிக்கச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு முறை, விடாமல். ஏரிக்கரையில் நொச்சித் தழை ஒடித்து வருவேன். வாயகன்ற பானையில் அதைக் கொதிக்கவைத்து, அவளை மணையில் உட்காரவைத்து, பானையை முன்னால் வைத்து, தலையோடு காலாகக் கம்பளியால் மூடுவேன். ஆவி தணிந்தால் அடுப்பில் பழுத்த செங்கல் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து உள்ளே போடுவேன். குபீரென்று மறுபடி எழும். முகம் சிவந்து, முடி கன்னத்தில் ஒட்டிக்கொள்ள வெளியே வருவாள். அன்று மட்டும் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவாள். நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு இளகியது, சளி கரைந்தது. மூன்று குளிர்காலத்தை அதை வைத்துத்தான் கடத்தினோம்.

உள்ளே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. பேசுவதற்கு அவளுக்கு மூச்சும் இருக்காது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. போதும் என்று தோன்றினால் ஒரு மரக்கட்டையால் மணையில் மூன்று தட்டு தட்டுவாள். உடனே நான் கம்பளியை எடுத்துவிடுவேன்.

நெசவுத் தெருவில் இதைவிட முட்டாள்தனமான ஏற்பாடு இருக்க முடியாது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அங்கே மரத்தில் மரம் இடிக்கும் சத்தம்தான். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது காதிலேயே விழாது. விழாமல் இருந்தால்தான் அங்கே குடித்தனம் நடத்த முடியும். அப்படிப்பட்ட காதை நம்பித்தான் அவள் உள்ளே போனாள்.

முதல் குளிர்காலத்தில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கம்பளி ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஆவி கசிந்து தறிப்பக்கம் வந்தால் பாவு நூல் பதமாகி, அறுவதே இல்லை. புத்திசாலி அல்லவா நான்! பானையைத் தறியை ஒட்டி வைத்தேன். கம்பளி ஓரத்தில் அம்மிக் குழவியையும் செங்கற்களையும் பாரமாக வைத்துவிட்டு, குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தேன்.

"என்ற இளைப்புக்கு வெச்ச ஆவியில உங்க நூலுக்கும் வைத்தியமாகுதுங்க" என்று அவளே சிரித்தாள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்குச் சேலை போய்ச் சேர வேண்டும்; முந்தானையில் ஒரு முழம் மிச்சம். மத்தியான நேரம், தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாள் மழையில் அவளுக்கு இளைப்பு முற்றியிருந்தது.

"இன்னைக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுங்க. தட்டுனதும் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கை ஓட்டம் பிடித்துக்கொண்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது கம்பளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குழவியை உருட்டித் தள்ளிவிட்டு இழுத்தேன். சுவரோரம் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கட்டை கையிலேயே இருந்தது.

வாசலுக்குத் தூக்கி வந்து காற்றில் கிடத்தினேன். தண்ணீர் தெளித்து, முதுகைத் தேய்த்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மூச்சு திரும்பியது. கண் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"தட்டுனனேங்க, கேக்கலீங்களா?"

"நீ எங்க புள்ள தட்டுன? தட்டவே இல்லியே!" என்று எரிந்து விழுந்தேன்.

வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். "அப்ப தட்டுனதா நெனைச்சுட்டனாட்ட இருக்குதுங்க" என்றாள். தன் கையை விட்டுவிட்டு என்னை நம்பினாள்.

அதற்குப் பிறகு வேது பிடிக்க உட்காரவே இல்லை. "உள்ள போனா என்ற கை என்ன செய்யுதுன்னே தெரியலீங்க, பயமா இருக்குது" என்பாள். தறிப்பக்கமே போக மாட்டேன், நானே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். நீ தட்டியது உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாள். அதை மட்டும் சொல்லவில்லை. மார்கழியில் ஒரு காலை, சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். வேது பிடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று வைத்தியரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அவள் போன பிறகு வந்த அமாவாசை மத்தியானத்தில்தான் முதலில் கேட்டது. அவள் உட்காரும் மூலையிலிருந்து மூன்று தட்டு. சற்று நேரம் விட்டு மறுபடி மூன்று. மணையை உடைத்து அடுப்பில் வைத்தேன். அடுத்த அமாவாசைக்கும் கேட்டது. தறிச்சத்தம் காதில் தங்கிவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். ஆனால் எந்தத் தறியும் மூன்றோடு நிற்காது.

இத்தனை வருஷமும் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இங்கேயும் எதற்குப் பொய்? முதல் மூன்று தட்டும் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி இல்லை என்பதும் தெரிந்தது. முந்தானைக் கரை முடிய இன்னும் நாலு இழைதான், முடித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். நாலு முடிந்ததும் இன்னும் நாலு. இரண்டாம் முறை அவள் தட்டியபோது சத்தம் குறைந்திருந்தது.

இப்போதெல்லாம் அமாவாசை மத்தியானம் அந்த மூலையில் போய்க் குந்திக்கொள்கிறேன். "கேட்டுச்சு புள்ள, அன்னைக்கே கேட்டுச்சு" என்று சொல்கிறேன். சற்றுப் பொறுத்து மறுபடி மூன்று தட்டு விழுகிறது. தன் கை தட்டுகிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.